இரவற் பொருளும் அண்டை வீடும்

திருமறையின் 107ஆம் அத்தியாயமாகிய ‘அல்மாஊன்’ ஏழே வசனங்கள் கொண்டது. மதரஸாவில் ஓதத் தொடங்கிய சிறுவர்களுக்கும் அது மனப்பாடம். அதனால்தானோ என்னவோ, அதன் பொருளில் நாம் நின்று நிதானிப்பதில்லை. அனாதையை விரட்டுவோனையும், தொழுகையில் பராமுகமாயிருப்போரையும் கண்டித்து வரும் அவ்வத்தியாயம், அற்பப் பொருளைக்கூடக் கொடுக்க மறுப்போரைச் சொல்லி முடிகிறது. அந்த ‘மாஊன்’ எது? ஜகாத்தே என்றோரும் உண்டு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களோ, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் வாளியையும் சமையற் பாத்திரத்தையும் இரவல் கொடுப்பதையே தாங்கள் மாஊனாகக் கருதியதாகக் கூறியுள்ளார்கள். இவ்விளக்கத்தைக் காணும்போதெல்லாம் நமக்கு ஓர் ஏணி நினைவுக்கு வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அடுத்த வீட்டுப் பையன் வந்து, “மாமா, வாப்பா ஏணி வாங்கிட்டு வரச் சொன்னாங்க” என்றான். முந்திய முறை கொண்டுபோன ஏணி ஒரு படி முறிந்து திரும்பியிருந்தது. அதைச் சரிபார்த்ததும் நாமே. “ஏணி வீட்டில் இல்லையே, தம்பி” என்றோம். வாசலில் நின்றாலே பின்கட்டு தெரியும் வீடு நமது. ஏணி அங்கே சாய்ந்திருந்தது. பையன் அதைப் பார்த்துவிட்டான். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனான். அன்று மக்ரிபில் இமாம் ஓதியது இந்த அத்தியாயமன்று. ஓதியிருந்தாலும் நமக்கு உறைத்திருக்குமா என்பது ஐயமே.

தமிழில் இரவலும் இரத்தலும் ஒரே வேரின. கேட்பவர் ஒரு கணம் இரவலராகி நிற்கிறார் என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது. அந்த நாணத்தை நீக்கும் ஏற்பாடுகள் மேலை நாடுகளில் பெருகியுள்ளன. அமெரிக்காவின் பெர்க்லி நகரப் பொது நூலகம், நூல்களைப் போலவே கருவிகளையும் இரவல் கொடுக்க 1979இல் தொடங்கியது. பெர்லினில் 2012இலும், டொரண்டோவில் 2013இலும், இலண்டனில் 2014இலும் இத்தகைய பொருள் நூலகங்கள் தோன்றின. ஆளே இல்லாமல், பெட்டகத்தைத் திறந்து பொருளை எடுத்துச் செல்லும் முறையும் வந்துவிட்டது.

நன்மையே. வருடத்தில் இருமுறை தேவைப்படும் கருவியை வீட்டுக்கு வீடு வாங்கிப் பூட்டி வைப்பது வீண் விரயமன்றி வேறென்ன? ஆயினும் நமக்கு ஒரு தயக்கம். தெருமுனையில் நிலையம் வந்துவிட்டால் நாம் பொய் சொல்ல நேராது, கொடுக்கவும் நேராது. தட்டப்படாத கதவுக்குப் பின்னே கருமித்தனம் வெளிப்படுவதில்லை, அவ்வளவே. அது போய்விட்டது என்று யார் சொல்வது?

பொருள் கெட்டுவிட்டால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்விதான். நம் சட்ட நூல்களும் அதை விடவில்லை. ஹனஃபி மத்ஹபில் இரவற் பொருள் அமானிதம். வாங்கியவர் அலட்சியமாயிராதவரை ஈடு இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில், அனுமதித்த உபயோகத்தினாலேயே தேய்ந்தாலன்றி ஈடு உண்டு. ஹுனைன் போருக்கு முன், கி.பி. 630இல், மக்காவை வென்ற நபி (ஸல்) அவர்கள், அப்போது இஸ்லாத்தைத் தழுவியிராத ஸஃப்வான் இப்னு உமைய்யாவிடம் கவசங்களை இரவல் கேட்டார்கள். பறித்துக்கொள்வதா என்று அவர் வினவியபோது, இல்லை, பொறுப்பேற்று வாங்கும் இரவலே என்று தெளிவுபடுத்தினார்கள். வென்றவரிடமே அவர் வாய்திறந்து கேட்டார். நாமோ முறிந்த படியைப் பற்றி அடுத்த வீட்டாரிடம் ஒரு சொல் பேசாமல், மனத்தில் வைத்திருந்து பொய்யாகத் திருப்பிக் கொடுத்தோம்.

ஸ்விட்சர்லாந்தில் 2012இல் தொடங்கிய ஒரு முறை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இரவல் கொடுக்க விரும்பும் பொருள்களின் படங்களை வீட்டுக்காரர் தம் தபாற்பெட்டியில் ஒட்டி வைக்கிறார். அங்கே கதவும் உண்டு, அண்டை வீட்டாரும் உண்டு; உடையவரே முந்திப் பேசிவிடுவதால் கேட்பவருக்கு நாணமில்லை.

நம் மஹல்லாக்களுக்கும் இது அந்நியமன்று. பள்ளிவாசலில் சந்தூக் இருக்கிறது. அதைக் கேட்டு வர யாரும் கூசுவதில்லை. விருந்துக்கான தேக்சாக்களையும் சஹன்களையும் பொதுவில் வைத்திருக்கும் ஜமாஅத்துகளும் உண்டு. மரணத்துக்கும் மணத்துக்கும் செய்ததை, இடைப்பட்ட நாள்களின் ஏணிக்கும் மண்வெட்டிக்கும் செய்யலாகாதா?

நமது ஏணி இப்போதும் பின்கட்டில்தான் சாய்ந்திருக்கிறது. அந்த வீட்டிலிருந்து அதைக் கேட்டு அதன்பின் எவரும் வரவில்லை.