காணுதலும் செய்தலும்: இணைந்த சாளரங்கள் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மனிதன் தான் செய்த செயலுக்குத் தானே பொறுப்பாளி என்பது அறவியலின் முதற்பாடம். ஆயின், எண்ணும் மனத்துக்கும் செய்யும் கைக்கும் இடையே ஒரு கருவி வந்து நிற்குமிடத்து இப்பாடம் அத்துணை எளிதாக அமைவதில்லை. கருவி காட்டுவதையே மனம் காண்கிறது. கருவி மறைப்பதை மனம் அறியாது. அங்ஙனமாயின், கருவியை ஆக்கியோனுக்கு அச்செயலிற் பங்கு உண்டா? உண்டெனின், அப்பங்கு கருவியைக் கையாண்டவனது பொறுப்பைக் குறைக்குமா? பங்கு வணிகத்துக்கெனக் கணினித் திரையில் அமைக்கப்படும் இணைந்த சாளரங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைப்பீட மாணவர் ஒருவர் எழுதுதற்கு இது பொருந்தாப் பொருள் எனச் சிலர் கருதக்கூடும். ஆயினும் பங்கு வணிகம் நமது பிரதேசத்துக்குப் புதியதன்று. இலங்கையில் அது 1896ஆம் ஆண்டு கொழும்புப் பங்குத் தரகர் சங்கத்தின் கீழ்த் தொடங்கியபோது, மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு மூலதனம் திரட்டுவதே அதன் முதன்மைத் தேவையாக இருந்தது. 1997ஆம் ஆண்டிற் கணினிவழி வணிகம் வரும்வரை தரகர்கள் கொழும்பில் ஒரே மண்டபத்திற் கூடி, வாய்விட்டுக் கூவியே விலை பேசினர். இன்று கெலிஓயாவில் ஒரு வீட்டு மேசையில் அமர்ந்தவாறே, கொழும்புத் தரகர் நிறுவனமொன்றின் வழியாக எவரும் பங்குகளை வாங்கவும் விற்கவும் இயலும். மேலும், இத்துறைக்குரிய மென்பொருள்களை ஆக்குவோருள் நம் நாட்டவரும் உளர். இலங்கையில் வளர்ந்த மில்லேனியம் ஐ.ரி. என்னும் நிறுவனத்தை இலண்டன் பங்குச் சந்தை 2009இல் வாங்கிற்று. 2011 பெப்ரவரி முதல் அச்சந்தையின் வணிகமே இங்கு ஆக்கப்பட்ட மென்பொருளால் இயங்கலாயிற்று. ஆகவே, இத்தகைய கருவிகளை ஆக்குவோரின் கடமை யாது என்பது நம் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேறுவோர் நாளை எதிர்கொள்ள வேண்டிய வினாவாகும்.

இணைந்த சாளரம் என்பது யாதென முதலில் விளக்குதல் வேண்டும். பங்கு வணிகர் ஒருவரது திரையிற் பல சாளரங்கள் விரிந்திருக்கும். ஒன்றிற் பல கம்பனிகளின் பெயரும் அப்போதைய விலையும் நிரலாகத் தோன்றும். மற்றொன்றில் ஒரு கம்பனியின் விலை ஏறியிறங்கிய வரைபடம் காணப்படும். மூன்றாவதில், எந்த விலைக்கு எத்தனை பங்குகளை வாங்குவதற்கும் விற்பதற்கும் ஆட்கள் காத்திருக்கின்றனர் என்னும் விபரம் இருக்கும். நான்காவதிற் செய்திகள் வரும். ஐந்தாவது, கட்டளை இடுதற்குரிய சாளரம். இவற்றைத் தனித்தனியே வைத்தால் ஒவ்வொன்றிலும் கம்பனியின் பெயரை மீண்டும் மீண்டும் இடவேண்டும். இதனைத் தவிர்ப்பதற்காகச் சாளரங்களுக்கு நிறம் கொடுத்து இணைக்கின்றனர். பச்சை நிறம் பெற்ற சாளரங்களுள் ஒன்றிற் கம்பனி ஒன்றைத் தெரிந்தால், ஏனைய பச்சைச் சாளரங்கள் அனைத்தும் அக்கணமே அக்கம்பனிக்கு மாறும்.

இவ்வமைப்பின் நன்மையை மறுத்தல் இயலாது. இணைக்கப்படாத சாளரங்களில் ஒரு கம்பனியின் வரைபடத்தையும் இன்னொரு கம்பனியின் விலையையும் அருகருகே கண்டு, இரண்டும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் எளிதில் நேரும். இணைப்பு அம்மயக்கத்தை நீக்குகிறது. இணைப்பு என்பது ஒருவகை வாக்குறுதி எனலாம். “இந்நிறத்தின் கீழ் நீ காண்பன யாவும் ஒரே பொருளைப் பற்றியன” என்று ஆக்கியோன் பயன்படுத்துவோனுக்குச் சொல்லாமற் சொல்கிறான். பயன்படுத்துவோன் அதனை நம்பியே ஒவ்வொரு முறையும் பெயரைச் சரிபார்ப்பதை விட்டுவிடுகிறான்.

இடர் தோன்றுவதும் அந்த நம்பிக்கை விளைந்த இடத்திலேதான். முதல் நான்கு சாளரங்களும் காண்பதற்குரியன, ஐந்தாவது செய்வதற்குரியது. வணிகர் ஒருவர் கட்டளைச் சாளரத்தில் ஒரு கம்பனியின் ஆயிரம் பங்குகளை விற்க எண்ணித் தொகையை இட்டுவிட்டார் என்க. உறுதி செய்யுமுன், வேறொரு கம்பனியின் விலையை அறிய விரும்பி நிரலில் அதன் பெயரைத் தொடுகிறார். கட்டளைச் சாளரமும் அதே நிறமாயின் அதுவும் உடன் மாறும். இட்ட தொகை அவ்வாறே நிற்கப் பெயர் மட்டும் மாறுமாயின், அவர் எண்ணாத ஒரு கட்டளை திரையில் உருவாகி நிற்கிறது. அடுத்து அவர் பொத்தானை அழுத்தினால், கை அவருடையதே, கருத்து அவருடையதன்று. காண்பதை எளிதாக்கும் அதே இணைப்பு, கட்டுப்பாடின்றிச் செயல்வரை நீளுமிடத்துச் செயலையும் எண்ணத்தையும் பிரித்துவிடுகிறது.

நிற இணைப்பினால் விளைந்தன அல்லவாயினும், காண்பதும் செய்வதும் பிரியுமிடத்து நேர்வதை விளக்கும் இரு நிகழ்ச்சிகளை ஈண்டுக் குறிப்பிடலாம். முதலாவது யப்பானில் நிகழ்ந்தது. 2005 டிசம்பர் 8ஆந் திகதி மிசுகோ தரகர் நிறுவனத்திலிருந்து ஜே-கொம் என்னும் கம்பனியின் ஒரு பங்கை 610,000 யென்னுக்கு விற்கும் கட்டளை இடப்பட வேண்டியிருந்தது. மாறாக, 610,000 பங்குகளை ஒரு யென் வீதம் விற்கும் கட்டளை இடப்பட்டது. அக்கம்பனி வெளியிட்டிருந்த பங்குகளின் மொத்தத் தொகையை விட இது நாற்பது மடங்குக்கும் மேலானது. திரை எச்சரித்தது, எச்சரிக்கை பொருட்படுத்தப்படவில்லை. பிழை உணரப்பட்டுக் கட்டளையை நீக்க முயன்றபோது, டோக்கியோப் பங்குச் சந்தையின் மென்பொருட் குறைபாட்டினால் அது நீங்கவில்லை. நட்டம் ஏறத்தாழ 40 பில்லியன் யென். 2009இல் டோக்கியோ நீதிமன்றம் ஒன்று, சந்தையானது மிசுகோவுக்கு 10.7 பில்லியன் யென் செலுத்துமாறு தீர்ப்பளித்தது.

இரண்டாவது இலண்டனில் 2022 மே 2ஆந் திகதி நிகழ்ந்தது. சிற்றிகுறூப் நிறுவனத்தின் அனுபவமுள்ள வணிகர் ஒருவர் 58 மில்லியன் டொலர் பெறுமதியான பங்குத் தொகுதியை விற்க எண்ணினார். பெறுமதியை இடவேண்டிய இலக்கம், எண்ணிக்கையை இடவேண்டிய கட்டத்துள் இடப்பட்டது. விளைவாக 444 பில்லியன் டொலர்க் கட்டளை உருவாயிற்று. அதில் ஒரு பகுதியை நிறுவனத்தின் தடைகள் நிறுத்தின, எஞ்சியதில் 1.4 பில்லியன் டொலர்ப் பங்குகள் ஐரோப்பியச் சந்தைகளில் விற்கப்பட்ட பின்னரே கட்டளை நீக்கப்பட்டது. திரையில் எச்சரிக்கை தோன்றாமல் இல்லை. 711 எச்சரிக்கைகள் ஒரே சாளரத்தில் தோன்றின. ஆயின் முதற் பதினெட்டு வரிகளே கண்ணுக்குத் தெரிந்தன. எஞ்சியவற்றைப் படியாமலே அச்சாளரத்தைக் கடந்து செல்ல முடிந்தது. 2024இற் பிரித்தானிய ஒழுங்குமுறை அமைப்புகள் அந்நிறுவனத்துக்கு மொத்தம் 61.6 மில்லியன் பவுண் தண்டம் விதித்தன.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் பிழை செய்தவர் யார்? அரிஸ்தோத்தில் தமது அறவியல் நூலின் மூன்றாம் பகுதியில், செயலின் சூழ்நிலையை அறியாது செய்யப்பட்டது விரும்பிச் செய்யப்பட்டதாகாது என்பார். அவ்வளவில் நில்லாது, அவ்வறியாமைக்குச் செய்தவனே காரணமாயின் அவன் தண்டத்துக்குரியவன் என்றுங் கூறுவார். குடிவெறியிற் குற்றஞ் செய்தோனை அவர் எடுத்துக்காட்டுவார். நமது வினாவுக்கு இக்கருத்து பெரிதும் துணை செய்கிறது. வணிகர் எச்சரிக்கையைப் படியாமை அவரது குற்றம். படிக்க இயலாதவாறு 711 எச்சரிக்கைகளைக் குவித்தமை எவருடைய குற்றம்? அறியாமையைத் தானே விளைவித்துக்கொள்பவன் ஒருவன். பிறனுக்கு அதனை விளைவிப்பவன் மற்றொருவன். அரிஸ்தோத்தில் முன்னவனைப் பற்றிப் பேசினார். நமது காலம் பின்னவனையும் பற்றிப் பேச வேண்டியுள்ளது.

சிலப்பதிகாரம் இவ்விருவரையும் ஒருங்கே காட்டுகிறது. கோவலனிடமிருந்த சிலம்பையும் காணாமற்போன அரசியின் சிலம்பையும் ஒன்றென இணைத்துக் காட்டியவன் பொற்கொல்லன். அவ்விணைப்பை ஆராயாது ஆணை பிறப்பித்தவன் பாண்டியன். ஒன்றின் பரல் மாணிக்கம், மற்றதன் பரல் முத்து. உடைத்துப் பார்த்திருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும். பொற்கொல்லன் வஞ்சகன், மென்பொருளை ஆக்குவோர் அத்தகையவரல்லர் என்பது உண்மையே. எனினும் உண்மை தெரிந்த கணத்தில் அரசன் பொற்கொல்லன்மீது பழிபோட்டுத் தப்ப முயலவில்லை. குற்றத்தைத் தன்னதாகவே ஏற்று உயிர்நீத்தான். அதனால் பொற்கொல்லனது குற்றம் அணுவளவேனும் குறைந்ததென எவருங் கூறார்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். நட்டத்தைப் பங்கிடலாம், பொறுப்பைப் பங்கிட முடியாது. நீதிமன்றம் நட்டத்தை இருவருக்கிடையே பிரிக்கிறது; ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறையும். அறப்பொறுப்பு அத்தகைய கணக்குக்கு அடங்குவதன்று. ஆக்கியோனது பொறுப்பு முழுமையானது என்பதால் கையாள்வோனது பொறுப்புக் குறைவதில்லை, மறுதலையும் அவ்வாறே. “பொத்தானை அழுத்தியவன் அவன்தானே” என்னும் ஆக்கியோனது சொல்லும், “திரை அவ்வாறு காட்டியதே” என்னும் கையாள்வோனது சொல்லும் ஒரே தவறான கணக்கிலிருந்து பிறந்தவை.

அவ்வாறாயின் இணைப்பையே ஒழித்துவிடலாமா? அது தீர்வாகாது. இணைப்பு இருவகைப்படும் என்பதற்கு நம் ஊர்ப்பக்கமே சான்று தருகிறது. கெலிஓயாவைக் கடந்து நாவலப்பிட்டி நோக்கி ஏறும் மலையகப் புகையிரதப் பாதை ஒற்றைப் பாதையாகும். இத்தகைய பாதைகளில் டப்லட் எனப்படும் உலோக வில்லையைக் கைமாற்றும் முறை நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளது. அடுத்தடுத்த இரு நிலையங்களிலுள்ள இரு பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அங்குள்ள அதிபர் இசைந்தாலன்றி இங்குள்ள அதிபரால் வில்லையை எடுக்க இயலாது. ஒரு வில்லை வெளியே இருக்கும்வரை இரண்டாவது வில்லை வராது. வில்லை கையில் இல்லாமற் சாரதி வண்டியைச் செலுத்தலாகாது. 1874இல் இங்கிலாந்தின் நோரிச் நகருக்கருகே தோர்ப் என்னுமிடத்தில் இரு வண்டிகள் நேருக்குநேர் மோதி 25 பேர் மாண்டனர். அதன்பின் எட்வர்ட் ரையர் என்பார் கண்ட முறை இது. கையொப்பம் பெறாத தந்திச் செய்தியொன்று முந்திச் சென்றமையும், அதனைத் திருப்பப் பெறுமுன் வண்டி புறப்பட்டுவிட்டமையுமே அவ்விபத்துக்குக் காரணமாயின. டப்லட் முறையிலும் இணைப்பு உண்டு. ஆனால் அவ்விணைப்பு ஒருவரது கை மற்றவரது இசைவின்றி இயங்காதவாறு காக்கிறது.

இவ்வேறுபாட்டினின்றும் மூன்று நெறிகளை வகுக்கலாம். ஒன்று, காணும் சாளரங்கள் தாராளமாக இணையட்டும். ஆயின் அவற்றுள் ஒன்றன் தகவல் பிந்தியதாயின் அச்சாளரமே அதனைச் சொல்லவேண்டும். இரண்டு, கட்டளைச் சாளரத்தில் ஒருவர் ஓர் எழுத்தையேனும் இட்ட கணத்தில் அது இணைப்பிலிருந்து விலகி நிற்கவேண்டும். அவரே விடுவித்தாலன்றி வேறு பெயருக்கு மாறலாகாது. மூன்று, எச்சரிக்கை அரிதாகவும், செயலின் பெருமைக்கு ஏற்பவும் இருத்தல் வேண்டும். ஓயாது கூவும் காவலனை ஊரார் செவிமடுப்பதில்லை.

இவற்றுக்கு மறுப்பும் உண்டு. பங்கு வணிகத்தில் விரைவே உயிர். வளர்ந்தவர்களைச் சிறுவர்போல் நடத்துதல் தகாது என்பர். இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. ஒவ்வோர் அடியிலும் வழிமறிக்கும் கருவி பயனற்றது. அதனால் விளையும் சலிப்பே புதிய பிழைகளுக்குக் காரணமாகலாம். எனினும் நாம் வேண்டுவது எங்கும் தாமதமன்று. கட்டளைச் சாளரம் தன் இடத்தில் நிற்பதால் வணிகருக்குக் காலநட்டம் எதுவுமில்லை. தாம் எண்ணியதைத் தாமே செய்யும் உரிமையையே அது காக்கிறது. வளர்ந்தவர் ஒருவரை மதித்தல் என்பது அவரது எண்ணத்தைச் சிதையாமற் செயலிற் கொண்டு சேர்ப்பதாகும்.

இது செல்வந்தர்களது விளையாட்டு, நமக்கென்ன என்பாரும் உளர். தனியார் துறை ஊழியர் ஒருவரது வேதனத்தில் 8 சதவீதமும் தொழில்கொள்வோர் பங்காக 12 சதவீதமும் மாதந்தோறும் ஊழியர் சேமலாப நிதியத்துக்குச் செல்கின்றன. மத்திய வங்கி நிருவகிக்கும் அந்நிதியம் கொழும்புச் சந்தையிற் பங்குகளையும் வைத்திருக்கிறது. ஆகவே, திரையை ஒருநாளுங் கண்டிராத கடைச் சிப்பந்தியினதும் தொழிற்சாலைப் பெண்ணினதும் முதுமைக்கால ஆதாரம் அத்திரைகளுக்கு அப்பால் நிற்கிறது. கையாள்வோன் தன் விருப்பத்துடன் இடரை ஏற்றான் எனக் கூறலாம். இவர்களைப் பற்றி அவ்வாறு கூறமுடியாது.

கருவியை அழகாகவும் விரைவாகவும் அமைப்பது கலை. அதனை நம்பத்தக்கதாக அமைப்பது அறம். இவ்வறத்தை ஆக்குவோருக்கு நினைவூட்டும் கடமை பொறியியலைக் கற்போருக்கு மட்டும் உரியதன்று. செயல், கருத்து, பொறுப்பு என்னும் சொற்களின் பொருளை ஆராயும் கலைப்பீடத்தாருக்கும் உரியது. திரையிற் சாளரங்கள் எத்தனை இணைந்தாலும் ஆகுக. ஒருவரது எண்ணத்துக்கும் அவரது செயலுக்கும் உள்ள இணைப்பு அறாதிருத்தல் வேண்டும். அதனைக் காவாத வேறெந்த இணைப்பும் வசதியென்னும் பெயருக்குத் தகுதியுடையதாகாது.