பொறுப்பும் தனிமையும்

‘தானே தேடிக்கொண்டது’ என்ற தீர்ப்பு நமக்கு எளிதாக வந்துவிடுகிறது. போதைப்பொருளால் இதயம் கெட்டுப்போனவன் ஆணை விரும்பும் ஆணாகவும் இருந்துவிட்டால் இன்னும் எளிது. இந்தத் தீர்ப்பில் நியாயம் எவ்வளவு என்பதே என் கேள்வி.

சான்பிரான்சிஸ்கோவை எடுத்துக்கொள்கிறேன். 1981இல் எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு வெளியானது. 1996இல்தான் கூட்டு மருந்துகள் வந்தன. இடைப்பட்ட காலத்தை அந்நகரின் தன்பால் விழைவு கொண்ட ஆண்களில் ஒரு தலைமுறை, நண்பர்களின் இறுதிச் சடங்குகளுக்குப் போய்வந்தே கழித்தது. பிழைத்தவர்களுக்கு மருந்து ஆயுளைத் தந்தது, பேச்சுத்துணையைத் தரவில்லை. அவர்களில் சிலரிடமும் பின்வந்த இளைஞர்களிடமும் மெத்தாம்பெட்டமின் பரவியதை இந்தப் பின்னணியிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. வெட்கத்தையும் சோர்வையும் தனிமையையும் சில மணிநேரம் அது விலக்கி வைக்கிறது.

அதற்கு விலை கொடுப்பது இதயம். துடிப்பு விரைகிறது, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் இதயத் தசையே தளர்ந்துபோகலாம். ஆனால் தனிமையும் இதயத்தைச் சும்மா விடுவதில்லை. அமெரிக்கத் தலைமை மருத்துவராக இருந்த விவேக் மூர்த்தி 2023இல் வெளியிட்ட அறிக்கை, சமூகத் தொடர்பு குன்றியவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு 29 சதவீதம் கூடுதல் என்கிறது. ஆக, ஒரே நெஞ்சில் இரண்டு கைகள் வேலை செய்திருக்கின்றன. ஒன்று அவனுடையது. மற்றது யாருடையது? வீட்டைவிட்டு அனுப்பிய குடும்பம், 1973 வரை இந்த விழைவையே நோய்ப் பட்டியலில் வைத்திருந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் என்று பலருடையது.

அதற்காக அவனை வெறும் பலியாள் என்று சொல்லவும் எனக்குச் சம்மதமில்லை. அந்த அனுதாபம் அவனிடம் மிஞ்சியிருக்கும் சுதந்திரத்தையும் பறித்துவிடும். எடுத்தவன் அவன்தான், நிறுத்தக்கூடியவனும் அவன்தான். நிறுத்தினால் தளர்ந்த தசை ஓரளவு மீளவும் கூடும் என்கிறது மருத்துவம். ஆனால் நிறுத்தியபின் அவன் திரும்புவது அதே காலி அறைக்குத்தானே?

அந்நகரில் கையாளப்பட்ட சிகிச்சை முறை ஒன்று உண்டு. வாரத்தில் சில நாள் சிறுநீர்ப் பரிசோதனை. மெத்தாம்பெட்டமின் இல்லையென்றால் சிறு தொகைக்கு ஒரு கூப்பன். இதை லஞ்சம் என்று ஏளனம் செய்யலாம். எனக்கோ, அவன் வரவை ஒருவர் எதிர்பார்த்துக் குறித்துக்கொள்கிறார் என்பதே தொகையைவிட முக்கியமாகப் படுகிறது. பொறுப்பு என்பது யாருக்கோ பதில் சொல்வது. கேட்க ஆளில்லாமல் செய்துவிட்டு, ஒருவனிடம் பொறுப்பை மட்டும் கோருவதை ஒழுக்கம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.