வயதும் வேட்டையும்

1930 ஏப்ரலில் குமாவூன் மலைகளில் ஜிம் கார்பெட் சுட்டுக் கொன்ற சௌகர் பெண் புலி, கிழடு. நகங்கள் உடைந்து போயிருந்தன. கோரைப்பற்களில் ஒன்று முறிந்திருந்தது. முன்பற்கள் எலும்புவரை தேய்ந்திருந்தன. ஐந்து வருஷங்களில் 64 மனிதர்களை அது கொன்றதாகக் கணக்கு. கார்பெட்டுக்கு அப்போது வயது 54. ஒரே மலையில் இரண்டு வேட்டைக்காரர்கள். ஒருவருக்கு முதுமை முடிகிறது, மற்றவருக்குத் தொடங்குகிறது. இவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. மலையில் வேட்டையாடத் தக்க உடம்பைக் கடைசிவரை காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை, என்ன மாதிரியான ஆசை?

மலை என்பது இங்கே முக்கியம். சமவெளியில் பரண்மேல் உட்கார்ந்து வயதை மறைத்துக்கொள்ளலாம். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குகூட இல்லை. முப்பது வயதுக்கு மேல் உடம்பு பிராணவாயுவை உபயோகிக்கும் உச்சத்திறன் பத்து வருஷத்துக்குச் சுமார் 10 சதவீதம் வீதம் குறைகிறது. பயிற்சியால் இதைத் தாமதப்படுத்தலாம், நிறுத்த முடியாது. ஏற்றம் நுரையீரலைக் காட்டிக் கொடுக்கிறது, இறக்கம் முழங்காலை. ராக்கி மலைகளில் எல்க் வேட்டைக்குப் போகிறவர்கள் பல மாதங்களுக்கு முன்பே முதுகில் சுமையேற்றி மேடேறிப் பழகுகிறார்கள். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேலும் இருக்கும். சுட்ட பிறகு அதைக் கூறுபோட்டுப் பல நடைகளில் சுமந்து இறங்க வேண்டும். இதை வெறும் இளமை மோகம் என்று கேலி செய்வது சுலபம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் சுடுவதற்கு விரல் போதும். அடிபட்டு ஓடிய மிருகத்தைப் பள்ளத்தாக்குவரை பின்தொடர்ந்து அதன் வேதனையை முடித்து வைக்கத்தான் கால் வேண்டும். போக முடியாத இடத்துக்குள் சுடுகிறவன், தான் தொடங்கியதை மிருகத்தின் தலையில் கட்டிவிட்டுத் திரும்புகிறான்.

கால் தளர்ந்தவனுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: தொலைநோக்கி பொருத்திய, வெகுதூரம் பாயும் துப்பாக்கி. ஸ்பானிய சிந்தனையாளர் ஓர்ட்டெகா இ காஸெட் 1942இல் ஒரு வேட்டை நூலுக்கு எழுதிய நீண்ட முன்னுரையில் இதைத் தொடுகிறார். மனிதன் தன் ஆயுதத்தின் மேலாதிக்கத்தைத் தானே குறைத்துக்கொண்டு, மிருகம் தப்பிப் போக இடம் விடுகிற வரையில்தான் அது வேட்டை என்பது அவர் கட்சி. அப்படியானால் வயது ஏற ஏற லென்ஸைப் பெரிதாக்கிக்கொண்டு போகிறவன் என்ன செய்கிறான்? சௌகர் புலி செய்ததைத்தான். மானைத் துரத்த உடம்பு இடம் கொடுக்காதபோது அது, தப்ப முடியாத இரையிடம் வந்தது. புல்லறுக்கப் போன பெண்களிடம் வந்தது. அதனுடன் திரிந்த இளம் புலி இரையைக் கொன்று கொடுத்துக்கொண்டிருந்தது. கிழட்டுப் புலி என்று நினைத்து அந்தக் குட்டியைத்தான் கார்பெட் முதலில் சுட்டுவிட்டார். தவறு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அதன் பிறகு தனியாக விடப்பட்ட கிழட்டுப் புலியால் ஒரே அடியில் கொல்லவும் முடியாமல் போயிற்று. ஆனால் புலிக்குப் பசி. ஓய்வு பெற்றுக்கொள்ளும் சௌகரியம் அதற்கு இல்லை. மனிதனுக்கு இருக்கிறது. (தூரத்தில் பத்திரமாக நின்றுகொண்டு சுடும் கிழவர்கள் நம் இலக்கியத்திலும் உண்டு. அது வேறு கட்டுரை.)

இத்தோடு விட்டால் வேட்டை என்பது வெறும் கால் விவகாரம் ஆகிவிடும். அப்படியும் இல்லை. உலகெங்கும் 40 இடங்களில் 1,800க்கு மேற்பட்டவர்களின் வேட்டைக் கணக்குகளை வைத்து 2020இல் வெளிவந்த ஆய்வு, திறமையின் உச்சம் 30க்கும் 35க்கும் இடையில் என்றது. உடல் வலுவின் உச்சத்தைத் தாண்டிய வயது இது. அதற்குப் பின்னும் சரிவு மெதுவாகத்தான். தசை இழப்பதை அறிவு ஈடுகட்டுகிறது. 1938 நவம்பரில் தாக் கிராமத்துப் பெண் புலியைக் கொல்லும்போது கார்பெட்டுக்கு 63 வயது. அவர் துரத்தவில்லை. துணை தேடிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் புலிக்கு ஆண் புலியின் குரலில் பதில் கொடுத்து, இருட்டும் நேரத்தில் தன்னிடம் வரவழைத்தார். இதைச் சாமர்த்தியம் என்று சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. அறிவு லென்ஸைவிடக் கொடுமையானதாக இருக்க முடியும். ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லலாம்: அவர் தரையில், புலி பாய்ந்தால் எட்டிவிடும் தூரத்தில் இருந்தார். லென்ஸ் உடம்பை அங்கிருந்து அகற்றிவிடுகிறது. அந்தக் குரல் அகற்றவில்லை. கிராமத்தார் உயிருக்குப் பயந்து கிடந்தார்கள் என்ற நியாயமும் அவருக்கு இருந்தது. பொழுதுபோக்காகப் போகிறவனுக்கு அது கிடையாது. இந்தியாவில் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவன் கதவை மூடிவிட்டது. கேள்வியை மூடிவிட்டதாகச் சொல்ல முடியாது.

புகைப்படக் கருவியோடு காட்டுக்குள் போவதை ஓர்ட்டெகா வேட்டையாக மதிக்கவில்லை. வெறும் பாவனை என்று தள்ளிவிடுகிறார். கொலை என்ற சாத்தியம் இல்லாமல் அந்தத் தீவிரம் வராது என்பது அவர் தர்க்கம். இந்த இடத்தில் நான் அவரோடு இல்லை. கார்பெட் 1930களில் புலிகளைச் சினிமாக் காமிராவில் பிடித்தார். அந்தக் காமிராவுக்குத் துப்பாக்கியைவிட நெருங்கிப் போக வேண்டும், நெருங்கிய பிறகு அசையாமல் இருக்க வேண்டும். ஓடும்போது அது போட்ட இரைச்சல் புலியை விரட்டிவிடும். அறுபதை ஒட்டிய அந்த மனிதர் காட்டோடை ஒன்றில் அணைகட்டித் தண்ணீரைச் சலசலத்து விழ வைத்தார். அந்தச் சத்தத்தில் காமிராவின் சத்தத்தை மறைத்துக்கொண்டு புலிகளுக்காகக் காத்திருந்தார்.