குழாய்த் தண்ணீர்

வில்லியம் ஃப்ரீட்கின் 1973-இல் எடுத்த ‘தி எக்ஸார்சிஸ்ட்’ என்றதும் சுழலும் தலையும் பச்சை வாந்தியும்தான் பலருக்கும் நினைவு வரும். எனக்கு நினைவு வருவது வேறொரு இடம். இயேசு சபைக் குருவான டேமியன் காரஸ், பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் சிறுமிமேல் தண்ணீர் தெளித்து, இது தீர்த்தம் என்கிறார். சூடு பட்டவள்போல் அவள் அலறித் துடிக்கிறாள். தெளித்தது வெறும் குழாய்த் தண்ணீர்.

காரஸ் மனநல மருத்துவரும்கூட. தாயைத் தனியே சாகவிட்ட குற்ற உணர்வு அவரை அரிக்கிறது. விசுவாசமும் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. பேய் உண்டென்றால் கடவுளும் உண்டு. அந்த அத்தாட்சி அவர் கண்ணெதிரே கட்டிலில் கிடக்கிறது. பசித்தவன் சோற்றைச் சோதிப்பானா? காரஸ் சோதிக்கிறார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அங்கேதான்.

இந்த வகைப் படங்களில் கடவுள் வாய் திறப்பதில்லை. பேய்தான் கேட்காமலே சாட்சி சொல்கிறது. ‘தி கான்ஜுரிங்’ (2013) போன்றவற்றில் சந்தேகப்படுகிறவர் வருவதே கடைசியில் வாயடைத்துப் போவதற்குத்தான். கட்டில் அந்தரத்தில் மிதப்பதைப் பார்த்த பிறகு நம்புவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? அதற்கு விசுவாசம் எதற்கு, கண் போதுமே. அத்தாட்சி எதுவும் கிடைக்காமல் ஞாயிறுதோறும் பூசைக்குப் போகிற என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் படங்களிடம் சொல்ல ஒன்றுமில்லை.

திருச்சபை சினிமாவைவிடச் சந்தேகப் பிராணி. பேய் பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பிவிடாதே என 1614-ஆம் ஆண்டுச் சடங்கு நூலே குருவை எச்சரிக்கிறது. ஆயரின் அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் பேயோட்டக் கூடாது.

ஆனால் அனுமதி இருந்தும் விபரீதம் நடந்திருக்கிறது. ஜெர்மனியில் அன்னலீஸ் மிக்கேல் என்ற கல்லூரி மாணவிக்கு வலிப்பு நோய் இருந்தது. ஆயர் அனுமதியோடு இரண்டு குருக்கள் அவளுக்கு 67 முறை பேயோட்டினார்கள். சாப்பாட்டை அவள் ஒதுக்கிக்கொண்டே வந்தாள். கடைசி நாட்களிலும் மருத்துவரை யாரும் அழைக்கவில்லை. 1976 ஜூலை முதல் தேதி, பட்டினியாலும் நீரிழப்பாலும் இறந்தபோது வயது 23. பெற்றோரும் அந்தக் குருக்களும் குற்றவாளிகள் என்று 1978-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதே வழக்கிலிருந்து இரண்டு படங்கள் வந்தன. ‘தி எக்ஸார்சிசம் ஆஃப் எமிலி ரோஸ்’ (2005) நோயா பேயா என்று நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டே, பேயை நமக்குக் காட்டியும் விடுகிறது. கொஞ்சம் கள்ளாட்டம்தான். ஹான்ஸ்-கிறிஸ்டியான் ஷ்மிட்டின் ‘ரெக்வியம்’ (2006) எதையும் காட்டுவதில்லை. அதில் கெட்டவர் என்று யாருமில்லை. எல்லோருக்கும் அந்தப் பெண்மேல் அன்பு. தோழி வந்து எப்படியாவது கூட்டிப்போகப் பார்க்கிறாள். இதுதான் என் வழி என்று அவள் வர மறுக்கிறாள். மறுக்கும்போது அவள் முகத்தில் குழப்பமே இல்லை. எந்தப் பேய்ப் படமும் என்னை அந்த அளவுக்குப் பயமுறுத்தியதில்லை.