கெர்னல் மாறிய பின்னும் அது அதே கணினியா?

லினக்ஸ் கணினியில் கெர்னல் என்பது வன்பொருளுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் நடுவே நின்று ஆளும் உட்கரு. நினைவகத்தைப் பங்கிடுவதும், எந்த நிரல் எப்போது ஓடலாம் என்று முடிவு செய்வதும், வட்டையும் விசைப்பலகையையும் பேச வைப்பதும் அதுதான். அதை அடியோடு மாற்றிவிட்டுக் கணினியை மறுபடி எழுப்பினாலும், பழைய பின்னணிப் படமும் பழைய கோப்புகளும் நேற்று சேமித்த அரைகுறைக் கடிதமும் அப்படியே இருக்கும். ஆண்டவன் மாறிவிட்டான், ஊருக்குத் தெரியவில்லை. அப்படியானால் 'அதே கணினி' என்று சொல்லும்போது எதைச் சுட்டுகிறோம்?

புதிய கெர்னல் பழையதை அழித்துக்கொண்டு உள்ளே வருவதில்லை. லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான உபுண்டு 24.04 வெளியானபோது அதில் இருந்தது 6.8 கெர்னல், பின்னர் 6.11 வந்தது. அதை நிறுவும்போது பூட் டைரக்டரியில் 6.8-இன் கோப்புகளுக்குப் பக்கத்திலேயே புதிய கோப்புகள் தம் எண்ணோடு வந்து உட்காருகின்றன. தேவைப்படும்போது கெர்னல் ஏற்றிக்கொள்ளும் துண்டுகளான மாட்யூல்களுக்கும் தனி டைரக்டரி உண்டு. தொடக்கத்தில் எந்தக் கெர்னலை எழுப்புவது என்று கேட்கும் கிரப் மெனுவில் ஒரு வரி கூடுகிறது. அதுவரைதான். ஓடிக்கொண்டிருப்பது இன்னும் 6.8, புதியது வெறும் விதை. கணினியை மறுபடி தொடங்கினால்தான் ஆட்சி கைமாறும். புதியதில் வைஃபை படுத்துவிட்டால், கிரப் மெனுவின் உள்பட்டியலுக்குப் போய்ப் பழையதையே எழுப்பிக்கொள்ளலாம்.

தீசியஸின் கப்பலைப் பற்றிப் புளூட்டார்க் எழுதிய புதிர் பலரும் அறிந்தது: பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய பிறகு அது அதே கப்பலா? 1655-இல் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் அதில் ஒரு முடிச்சைக் கூட்டினார். கழற்றிய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து, அதே வரிசையில் இன்னொரு கப்பலைக் கட்டினால் எது உண்மையான கப்பல்? ஹாப்ஸுக்குக் கற்பனையாக இருந்தது கிரப் மெனுவில் அன்றாட வேலை. கழற்றிய பலகை அங்கே முழுசாக, எழத் தயாராக இருக்கிறது. ஆனால் மெய்நிகர் இயந்திர வித்தைகளை ஒதுக்கிவிட்டால், இரண்டு கப்பலும் ஒரே நேரத்தில் மிதக்க முடியாது. ஒன்று அடங்கினால்தான் மற்றது எழும்.

பலகை பலகையாக மாற்றுவதற்கு நெருக்கமான வேலையும் உண்டு. 2015-இல் வந்த 4.0 கெர்னலில் 'லைவ் பேட்ச்' வசதி சேர்ந்தது. பிழையுள்ள ஒரு செயற்கூறை யாராவது அழைத்தால், ஓட்டத்தை நிறுத்தாமலே அந்த அழைப்பு திருத்திய செயற்கூறுக்குத் திருப்பிவிடப்படும். பழைய குறிமுறை நினைவகத்திலேயே கிடக்கும். யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. பதிப்பு எண்ணைக் கேட்டால் கெர்னல் பழைய எண்ணையே சொல்லும்.

அந்த எண்ணையும் பெரிதாக நம்ப முடியாது. 2011-இல் 2.6.39-க்கு அடுத்து 3.0 வந்தது. பெரிய மாற்றம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. எண்கள் நீண்டுகொண்டே போனதாலும், லினக்ஸுக்கு இருபது வயதாகிவிட்டதாலும் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எண்ணை மாற்றினார். மிலிந்த அரசனிடம் தேரைக் காட்டிப் பேசிய பௌத்தத் துறவி நாகசேனர் இதைப் பார்த்தால் மகிழ்ந்திருப்பார். சக்கரம் தேரல்ல, அச்சு தேரல்ல, நுகம் தேரல்ல. 'தேர்' என்பது கூட்டுக்கு நாம் இட்ட பெயர் என்பது அவர் வாதம். கணினியையும் அப்படிப் பிரித்துக்கொண்டே போகலாம்.

இருந்தாலும் அந்த வாதத்தில் ஓர் இடைவெளி விழுகிறது. வெறும் பெயர்தான் என்றால், கெர்னல் மாறியும் நிரல்கள் தடுமாறாமல் ஓடுவது எப்படி? 64-பிட் எக்ஸ்86 லினக்ஸில் கோப்பைப் படிக்க நிரல் கெர்னலிடம் விடுக்கும் அழைப்பின் எண் 0, எழுதும் அழைப்பின் எண் 1. உள்ளே எத்தனை இடித்துக் கட்டினாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பதில் டோர்வால்ட்ஸ் காட்டும் பிடிவாதம் பெயர்பெற்றது. இங்கே நிலைத்திருப்பது பொருளும் அல்ல, பெயரும் அல்ல; காப்பாற்றப்படும் ஒரு வாக்கு.

இதற்குச் சமணர் சொன்ன விடை கூடப் பொருந்துகிறது. உள்ளது எதுவோ அதில் தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் சேர்ந்தே இருக்கும் என்றார் உமாஸ்வாதி. சமந்தபத்திரர் அதற்குப் பொற்குடத்தை உதாரணம் காட்டினார். குடத்தை உருக்கி முடி செய்தால், குடம் வேண்டியவன் வருந்துவான், முடி வேண்டியவன் மகிழ்வான், பொன் வேண்டியவனுக்கு இரண்டும் ஒன்றே. புதிய மடிக்கணினிக்கு டிரைவர் தேடி அலைந்தவருக்கு 6.11 கொண்டாட்டம், வெளியார் எழுதிய டிரைவர் அதில் ஏறாமல் போனவருக்குத் துக்கம், கடிதம் தட்டச்சுபவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. மூவரும் பொய் சொல்லவில்லை.

நீக்கும்போதுதான் விதைக்கும் உயிருக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் படும். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் கோப்புகளை நீக்க முனைந்தால் டெபியன் எச்சரித்து நிறுத்தப் பார்க்கும். மீறி நீக்கினாலும் கணினி உடனே சாகாது. கெர்னல் நினைவகத்தில் இருக்கிறது. ஆனால் பென் டிரைவைச் செருகினால் அசைவே இல்லாமல் போகலாம், தேவைப்பட்ட மாட்யூல் வட்டிலிருந்து போய்விட்டதால். கோப்பில்லாத கெர்னல் உயிரோடிருக்கும். புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாது. பூட் பகுதி நிரம்பிப் புதியது ஏற மறுக்கும்போது பழையவற்றைக் களையத்தான் வேண்டும். அப்போதும் உபுண்டுவின் தானியங்கி நீக்கம் ஓடுவதையும் அண்மையதையும் தொடாது. ஃபெடோரா என்னும் வழங்கல் வழக்கமாக மூன்றை வைத்துக்கொள்ளும்.

எல்லாக் கெர்னல்களையும் நீக்கிவிட்டவருக்கு மறுநாள் கிரப்பில் எழுப்ப ஒன்றும் இருக்காது. வட்டில் கடிதம் எழுத்துப் பிசகாமல் இருக்கும். திறக்க ஆள் இராது. பென் டிரைவிலிருந்து வேறொரு கெர்னலை எழுப்பி, அதன் வழியாக வட்டுக்குள் புகுந்து, புதிதாக ஒன்றை நிறுவ வேண்டும். அதன் பின் எழும் கணினியில் ஓடுவது அது முன்பு அறியாத கெர்னலாகக்கூட இருக்கலாம். ஆனாலும் கணினி பழைய பெயரைச் சொல்லிப் பழைய கடவுச்சொல்லைக் கேட்கும்.