தன் இழைப்புளியைத் தானே செய்யும் மாணவர்

கலிஃபோர்னியாவின் மென்டசினோ கடற்கரையில் இருக்கும் ஃபோர்ட் பிராக், மரம் அறுத்துப் பிழைத்த ஊர். சுற்றுக் காடுகளின் ரெட்வுட் மரங்கள் நூறாண்டுக்கு மேலாக அங்கே அறுபட்டுப் பலகையாக வெளியூர் போயின. அந்த ஊரில்தான் 1981இல் ஜேம்ஸ் கிரெனோவ் நுண்மரவேலை கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினார். 1920இல் சைபீரியாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர் அவர். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகே ஸ்டாக்ஹோமில் கார்ல் மால்ம்ஸ்டென் நடத்திய பள்ளியில் இந்தத் தொழிலைக் கற்றார்.

பயிற்சி ஒன்பது மாதம். வந்தவுடன் யாரும் அலமாரி செய்யத் தொடங்குவதில்லை. முதலில் தனக்கான இழைப்புளியைச் செய்ய வேண்டும். கட்டியான மரத்துண்டை நீளவாக்கில் மூன்றாக அறுத்து, நடுத்துண்டில் சீவும் இரும்பு படுப்பதற்கு 45 பாகைச் சாய்வு வெட்டி, மூன்றையும் மறுபடி ஒட்டுவார்கள். அடிப்புறம் துளி வளைந்திருந்தாலும் சீவல் சீராக வராது. கடையில் வாங்கிய கருவி ஏன் சரியாக ஓடவில்லை என்று பலருக்குக் கடைசிவரை தெரிவதில்லை. தானே செய்தவருக்கு அது தெரியும். கல்வியை இங்கிருந்து தொடங்கியதே கிரெனோவின் பெரிய முடிவு என்று நினைக்கிறேன்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மரத்தின் மேல்பரப்பு கீறிக் கலங்கிவிடும். இழைப்புளியின் கூரான இரும்போ இழைகளைத் துப்புரவாக அறுத்துச் செல்கிறது. அதனால்தான் இழைத்த பரப்பில் ரேகைகளின் ஆழம் தெரிகிறது. அதன்மேல் மெல்லிய அரக்குப் பூச்சோ மெழுகோ போதும்.

அறுத்துக் காய்ந்த மரமும் அசையும். ஈரக் காற்றில் அகலவாக்கில் விரியும், வறண்டால் சுருங்கும். எனவே கதவின் நடுப்பலகையை ஒட்டாமல், சட்டத்தின் காடிக்குள் கொஞ்சம் இடம் விட்டுப் பொருத்துகிறார்கள். இறுக்கி ஒட்டினால் சில பருவங்களில் பிளந்துவிடும். மரத்தைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதை மாணவர் ஏட்டில் படிப்பதில்லை. தன் பலகை பிளந்தால் தெரிந்துகொள்கிறார்.

இந்தத் தொழிலை வைத்துப் பிழைக்க முடியுமா? கடினமான கேள்விதான். மாதக்கணக்கில் செய்த அலமாரியின் விலையைக் கொடுக்கக்கூடியவர்கள் சிலரே. எல்லா மாணவரும் இதையே தொழிலாக்கிக்கொள்ள முடியாது. அந்தச் சங்கடத்தை மறைத்துவிட்டு இக்கல்வியைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் சம்பளத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால், ஊரில் மரம் அறுத்த ஆலை அல்லவா என்றென்றைக்கும் ஓடியிருக்க வேண்டும்? ஊருக்கே கூலி கொடுத்த அந்த ஆலை 2002இல் மூடப்பட்டது. அது வாழ்ந்தது பெருமரங்களை நம்பி. பள்ளிக்கு வேண்டியதோ சில பலகைகளும், ஒருவர் அறிந்ததை இன்னொருவர் கையில் சேர்க்கும் பொறுமையும்தான்.

கிரெனோவும் அதே 2002இல் ஓய்வு பெற்றார், 2009இல் மறைந்தார். அவரிடம் படித்தவர்கள் அங்கே ஆசிரியர்கள் ஆனார்கள். பள்ளி இன்று அவர் பெயரில் நடக்கிறது.