பசிக்கு வருகைப் பதிவேடா?

வங்கதேச அரசு 1993-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஏழை வீட்டுப் பிள்ளை ஒன்று தொடக்கப்பள்ளிக்குப் போனால் அந்த வீட்டுக்கு மாதம் 15 கிலோ கோதுமை. ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் போனால் 20 கிலோ. அரை ஏக்கருக்கும் குறைவான நிலம் உள்ளவர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், பெண்ணின் சம்பாத்தியத்தில் ஓடும் குடும்பங்கள், மீன்பிடி, மண்பாண்டம், நெசவு போன்ற தொழில்களில் வயிற்றைக் கழுவுகிறவர்கள் ஆகியோருக்கு இது கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது. பள்ளி நாட்களில் 85 விழுக்காடு பிள்ளை வகுப்பில் இருந்தாக வேண்டும். குறைந்தால் அந்த மாதம் தானியம் கிடையாது.

பலன் சீக்கிரமே தெரிந்தது. சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, திட்டம் நடந்த பள்ளிகளில் சேர்க்கை 35 விழுக்காடு உயர்ந்தது. சிறுவர்களில் 28, சிறுமியரில் 44. திட்டம் இல்லாத பள்ளிகளில் வருகை 58 விழுக்காடாக இருந்தபோது இங்கே 70. அதுவரை பள்ளி வாசலை மிதிக்காத ஏராளமான பெண் குழந்தைகள் உள்ளே வந்தார்கள். இதைச் சிறிய விஷயமாக யாரும் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் ஒரு கேள்வியை நேராகக் கேட்டே ஆக வேண்டும். நல்ல காரியம் ஒன்றைச் செய்ய வைப்பதற்காக ஒரு வீட்டின் பசியைக் கருவியாக்கலாமா?

இத்தகைய திட்டங்களை லஞ்சம் என்று சொல்கிறவர்கள் உண்டு. கல்வியின் அருமை தெரிந்து பெற்றோர் தாமாக அனுப்ப வேண்டும், கோதுமைக்காக அனுப்பினால் கல்விக்கு என்ன மதிப்பு என்பது அவர்கள் வாதம். வயிறு நிறைந்த இடத்திலிருந்து பேசும் பேச்சு இது. கட்டணமே இல்லாத பள்ளியும் ஏழைக்கு இலவசமன்று. நோட்டும் உடுப்பும் வாங்க வேண்டும். மாடு மேய்க்கவும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும், அறுவடையில் கூடமாட நிற்கவும் இருந்த ஒரு ஜோடிக் கை வீட்டை விட்டுப் போகிறது. அந்த இழப்பில் ஒரு பகுதியை அரசு ஈடு செய்வதில் இழிவு ஏதுமில்லை.

இந்த ஈட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. வங்கதேசத் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் மார்ட்டின் ரவாலியனும் குவென்டின் வோடனும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, சேர்க்கை கூடிய அளவுக்குக் குழந்தை உழைப்பு குறையவில்லை என்று காட்டியது. உழைப்பில் ஏற்பட்ட குறைவு, சிறுவர்களின் சேர்க்கை உயர்வில் ஏறத்தாழ கால் பங்குதான். சிறுமியரின் உயர்விலோ எட்டில் ஒரு பங்குதான். பல வீடுகளில் பள்ளி வந்து சேர்ந்தது, வேலை விலகவில்லை. காலையில் வகுப்பு, மாலையில் வயல். அந்தக் குழந்தையின் விளையாட்டு நேரத்தையும் ஓய்வையும் கொடுத்தே அந்த வீடு கோதுமை வாங்கியிருக்கிறது. சேர்க்கை எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் இந்தக் களைப்பு படாது.

இதைவிடக் கனமானது நிபந்தனை பற்றிய ஆட்சேபம். ஏழைப் பிள்ளையின் வருகை எப்போது குறைகிறது? அப்பா நோயில் விழும்போது, அம்மா பிரசவத்தில் கிடக்கும்போது, வெள்ளம் வரும்போது. சரியாக அந்த மாதத்தில்தான் விதி தானியத்தை நிறுத்துகிறது. முடிவெடுத்தவர் பெரியவர், பட்டினி கிடப்பது குழந்தை. தண்டனைக்கு என்று ஒரு நியாயம் இருக்குமானால், தவறு செய்தவர் மீதாவது அது விழ வேண்டும்.

ஆசிரியரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டின் சோறு அவர் போடும் டிக்கில் தொங்குகிறது. இரக்கப்பட்டு வராத பிள்ளைக்கு ஆஜர் போட்டால் அது பொய்க்கணக்கு. போடாவிட்டால் ஒரு அடுப்பு அணைகிறது. எந்த ஆசிரியரையும் இந்த இடத்தில் நிறுத்துவது முறையன்று. தானிய விநியோகமும் முதலில் பள்ளி நிர்வாகக் குழுவின் தலையில்தான் இருந்தது; 1999-இல்தான் டீலர்களுக்கு மாறியது.

நிபந்தனை இல்லையென்றால் கோதுமையை வாங்கிக்கொண்டு பிள்ளையை வயலுக்கே அனுப்பிவிடுவார்கள் என்ற பதிலில் உண்மை இருக்கிறது. மலாவி நாட்டின் சோம்பா மாவட்டத்தில் பதின்வயதுப் பெண்களுக்குப் பணம் கொடுத்துச் செய்த சோதனை இதைக் காட்டியது. நிபந்தனையோடு கொடுத்த இடங்களில் படிப்பை நிறுத்தியவர்கள் குறைவு. ஆனால் நிபந்தனையின்றிக் கொடுத்த இடங்களில் இளவயதுத் திருமணமும் கருத்தரிப்பும் வெகுவாகக் குறைந்தன, அதுவும் பள்ளியை விட்டு நின்றுபோன பெண்களிடையே. நிபந்தனை கைவிடுவது அவர்களைத்தான். பள்ளிக்கு வர முடியாமல் போனவளுக்கே உதவி அதிகம் தேவை. அறத்தின் தராசில் அவள் இருக்கும் தட்டுதான் தாழ்கிறது.

பள்ளியிலேயே சமைத்துப் போடுவதில் இந்தச் சிக்கல் இல்லை. இந்தியா 1995-இல் தேசிய மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பல மாநிலங்கள் 80 விழுக்காடு வருகைக்கு மாதம் 3 கிலோ தானியம் என்று மூட்டையாகவே கொடுத்தன. தமிழ்நாடோ 1956-இலிருந்தே மதிய உணவையும், 1982-இலிருந்து சத்துணவையும் சமைத்துப் பரிமாறி வந்தது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்ட சமைத்த உணவை ஆண்டுக்கு 200 நாளாவது கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. இங்கே நேற்று வராத பிள்ளையும் இன்று வந்தால் சாப்பிடலாம். பழைய கணக்கை யாரும் புரட்டுவதில்லை. ஏழை யார் என்று பிரித்துப் பார்த்து, ஒரே பெஞ்சில் ஒருவனுக்குக் கொடுத்து மற்றவனை விடுவதும் இல்லை. சமைத்த உணவிலும் சாதி நுழைகிறது: தலித் பெண் சமைத்ததை உண்ண மறுக்கும் கொடுமை பல ஊர்களில் நடந்திருக்கிறது. அங்கெல்லாம் அரசு சாதிக்குப் பணியாமல் அந்தச் சமையல்காரரின் பக்கம் நிற்க வேண்டும்.

ஆனால் பள்ளிச் சோறு வீட்டிலிருக்கும் கைக்குழந்தைக்குப் போகாது. புர்க்கினா ஃபாசோவில் சிறுமியருக்கு மாதம் 10 கிலோ மாவு கொடுத்தனுப்பிய கிராமங்களில் அவர்களுடைய தம்பி தங்கைகளின் எடையும் கூடியது. ஆகவே வீட்டுக்குத் தானியமும் கொடுக்கட்டும். ஆனால் பதிவேட்டைக் காட்டி அதை நிறுத்தக் கூடாது. பிள்ளை பத்து நாள் வராவிட்டால், ரேஷனை வெட்டுவதற்குப் பதிலாக யாராவது ஒருவர் அந்த வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்க வேண்டும்.

வங்கதேசம் 2002-இல் கோதுமையை நிறுத்திப் பண உதவிக்கு மாறியது: ஒரு பிள்ளைக்கு மாதம் 100 டாக்கா, அதற்கு மேல் இருந்தால் 125. வருகை நிபந்தனை மட்டும் தொடர்ந்தது. கோதுமையோ பணமோ காட்டிப் பிள்ளைகளை அழைக்கும் அரசுகள் அந்த நிபந்தனையைத் தங்கள் மீது திருப்பிக்கொள்ளட்டும்: போதிய வகுப்பறை, நாள்தோறும் வரும் ஆசிரியர், ஐந்து ஆண்டுக்குப் பின் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை. இவற்றைக் கொடுக்க முடியாத அரசுக்கு, வராத நாளுக்காக ஒரு குழந்தையின் உணவை நிறுத்தும் உரிமை இல்லை.